இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

சோளிங்கர் ரயில் நிலையம் சோளிங்கரில் இல்லை. நரசிம்மர் மலை இருக்கும் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பாணாவரத்தில் இருக்கிறது. கோயிலுக்கு ரயிலில் வருகிறவர்கள் இங்கே இறங்கித்தான் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். ஆனால் ரயில் வரலாற்றில் இந்த நிலையத்துக்கு நல்ல முகவரி உண்டு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இந்த வழியாகத்தான் போகிறது. பின்னாளில் அதுவே காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று நீண்டு, தோல் பதனிடும் ஊர்களைச் சென்னைத் துறைமுகத்தோடு சேர்த்தது.

இன்றைக்கு இந்தப் பாதையில் ஒரு பகல் முழுக்க என்னென்ன ஓடுகின்றன என்று பாருங்கள். நின்று நின்று போகும் மெமு வண்டி. நிற்காமல் கடக்கும் எல்.எச்.பி. எக்ஸ்பிரஸ். நிலக்கரியோ சிமெண்டோ ஏற்றிய நீண்ட சரக்கு வண்டி. 2022 நவம்பரிலிருந்து சென்னைக்கும் மைசூருக்கும் இடையே பறக்கும் வந்தே பாரத். பயணிகள் பார்ப்பது பெட்டியின் நிறத்தையும் ஜன்னலையும். ஒரு பெட்டி அடுத்த பெட்டியோடு சேரும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்தச் சிறு இடைவெளியில்தான் இந்த வண்டிகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன. ரயில்வேயில் அதிக மனித ரத்தம் சிந்திய இடங்களில் ஒன்றும் அதுதான்.

அந்த இடத்தில் இருக்கும் கருவிக்கு ரயில்வே ஊழியர்கள் சொல்லும் பெயர் கப்ளிங். அதற்கு நான்கு வேலைகள். இழுக்கும்போது அறுந்துபோகக் கூடாது. தள்ளும்போது பெட்டிகள் மோதிக்கொள்ளாமல் தாங்க வேண்டும். வளைவிலும் மேடு பள்ளத்திலும் பெட்டிகளைத் திரும்பவும் அசையவும் விட வேண்டும். வேண்டும்போது எளிதாகக் கழற்ற வர வேண்டும். நான்கையும் சேர்த்துச் செய்யும் கருவியை மனிதன் 1870களிலேயே கண்டுபிடித்துவிட்டான். அதை எல்லா வண்டியிலும் மாட்ட எவ்வளவு காலம் ஆனது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

கொக்கியும் திருகும்

தொடக்க கால ரயில்களில் பெட்டிகளை வெறும் சங்கிலியால் கட்டினார்கள். என்ஜின் புறப்பட்டால் ஒவ்வொரு பெட்டியும் வெடுக்கென்று இழுபடும். நிறுத்தினால் ஒன்றோடொன்று முட்டும். இங்கிலாந்தில் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்வேயின் நிர்வாகியாக இருந்த ஹென்றி பூத் 1830களில் இதற்கு ஒரு வழி கண்டார். சங்கிலியின் நடுவே ஒரு திருகு. அதன் ஒரு பாதியில் வலஞ்சுழிப் புரி, மறு பாதியில் இடஞ்சுழிப் புரி. கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் நடுவை நோக்கி வரும். பெட்டிகள் நெருங்கும், இரு பக்கமும் இருக்கும் பஃபர்கள் லேசாக அமுங்கி ஒட்டிக்கொள்ளும். இடையில் தளர்வு இருக்காது.

இந்த அமைப்பில் இழுப்பதும் தள்ளுவதும் இரு வேறு உறுப்புகளின் பொறுப்பு. இழுவிசை நடுவில் உள்ள கொக்கி வழியாகப் போகிறது. தள்ளுவிசை ஓரத்து பஃபர்கள் வழியாகப் போகிறது. திருகை நன்றாக முறுக்கினால் பயணம் குலுங்காது. ஐரோப்பா முழுவதும் இதையே எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் இந்தியாவின் அகலப் பாதையும் எடுத்துக்கொண்டது. சென்னை பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்த பெட்டிகளிலும் பெரும்பாலும் இதே திருகுக் கப்ளிங்தான்.

குறை எங்கே என்றால், அதை மாட்டுகிற ஆளிடம். என்ஜின் மெல்லப் பின்னால் வந்து பஃபர்கள் தொட்டதும், பெட்டிகளைச் சேர்த்துப் பிரிக்கும் ஷன்டிங் ஊழியர் பஃபருக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைய வேண்டும். எண்ணெயும் கரியும் அப்பிய இரும்பு வளையத்தைத் தூக்கி எதிர்ப்பெட்டியின் கொக்கியில் போட வேண்டும். பிறகு திருகை முறுக்க வேண்டும். அதன்பின் பிரேக் காற்றுக் குழாய்களை இணைக்க வேண்டும். இத்தனைக்கும் முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஓர் என்ஜின். ஓட்டுநர் சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டாலே போதும்.

இன்னொரு குறை கணக்கில் இருக்கிறது. கப்ளிங்குக்கு அதிக வலிமை வேண்டுமென்றால் இரும்பைத் தடிப்பாக்க வேண்டும். தடித்த இரும்பை ஒரு மனிதன் இரு கைகளால் தூக்கிக் கொக்கியில் போட முடியாது. ஆக, ரயில் எவ்வளவு நீளமாக, எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தது என்ஜினின் வலிமை மட்டுமல்ல; ஷன்டிங் ஊழியரின் தோள் வலிமையும்தான்.

விரல்கள் தந்த பாடம்

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒரு நீள்வளையத்தை எதிர்ப்பெட்டியின் வாய்க்குள் செலுத்தி, மேலிருந்து ஓர் ஆணியை இறக்குவார்கள். வளையத்தைக் கையில் பிடித்தபடி, வந்துகொண்டிருக்கும் பெட்டியின் எதிரே நிற்க வேண்டும். விரல் போனவர்கள், கை போனவர்கள், உயிர் போனவர்கள் ஏராளம். வேலை தேடி வரும் ஆளின் கையில் விரல் குறைந்திருந்தால் அனுபவசாலி என்று கொள்வார்களாம்.

எலை ஜேனி என்பவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்பில் இருந்தவர். போருக்குப் பின் வர்ஜீனியாவில் ஒரு துணிக்கடையில் எழுத்தராக வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் பேனாக்கத்தியால் மரத்தில் மாதிரிகளைச் செதுக்கிப் பார்த்து, 1873இல் ஒரு கப்ளருக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றோடொன்று கோத்து இழுத்துப் பாருங்கள். அவர் வடித்தது அந்தப் பிடியைத்தான்.

கப்ளரின் தலையில் அசையாத ஒரு கரம் இருக்கும். அதன் எதிரே, ஓர் அச்சில் சுழலக்கூடிய நக்கிள் என்ற இரும்பு மடக்கு இருக்கும். இரண்டு பெட்டிகள் நெருங்கும்போது ஏதாவது ஒன்றின் நக்கிளாவது திறந்திருக்க வேண்டும். எதிரிலிருந்து வரும் தலை அதன் வாலில் இடித்ததும் நக்கிள் சுழன்று மூடிக்கொள்ளும். உடனே அதன் பின்னால் ஓர் இரும்புக் கட்டை தன் எடையாலேயே கீழே விழுந்து வழியை அடைக்கும். பூட்டு விழுந்துவிட்டது, இனி எவ்வளவு இழுத்தாலும் நக்கிள் திறக்காது. கழற்றுவதற்குப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதைத் தூக்கினால் கட்டை மேலே எழும்பும். பெட்டியை இழுத்ததும் நக்கிள் தானே திறந்து வழிவிடும். ஸ்பிரிங் இல்லை, மின்சாரம் இல்லை. பூட்டைக் காப்பது புவியீர்ப்பு.

கருவி தயார். மற்ற எல்லாரும் தயாராக இல்லாததுதான் சிக்கல். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கப்ளருக்கென்றே ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் இருந்தன. ஒரு கம்பெனியின் கப்ளர் இன்னொன்றோடு சேராது. சரக்கு வேகனோ ஒரு கம்பெனியின் பாதையிலிருந்து இன்னொன்றின் பாதைக்குப் போய்க்கொண்டே இருப்பது. 1880களின் இறுதியில் பெட்டி கட்டுநர் சங்கம் ஜேனியின் வடிவத்தைப் பொதுத் தரமாக ஏற்றது. தலையின் வெளிவடிவத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஜேனி உரிமையை விட்டுக்கொடுத்தார். பூட்டுக்குள் இருக்கும் நுட்பம் கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருக்கலாம். கோக்கும் வளைவு மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படியும் கம்பெனிகள் அசையவில்லை. லொரென்சோ காஃபின் என்பவர் சுமார் இருபது ஆண்டுகள் விடாமல் போராடியதன் பயனாக, 1893 மார்ச் 2 அன்று அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட்ட சட்டம் தானியங்கிக் கப்ளரைக் கட்டாயமாக்கியது. நடைமுறைக்கு வர 1900 ஆனது. கண்டுபிடித்ததற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் நடுவே இருபத்தேழு ஆண்டுகள்.

ஒரு நாளில் மாறிய நாடு, நூறாண்டாக மாறாத கண்டம்

கப்ளர் மாற்றம் மற்ற இயந்திர மாற்றங்களைப் போன்றதல்ல. நல்ல என்ஜின் ஒன்றை வாங்கினால் அன்றைக்கே பலன் உண்டு. நல்ல கப்ளர் மாட்டிய ஒரே ஒரு வேகனால் ஒரு பயனும் இல்லை; அது மற்ற வேகன்களோடு சேராது.

ஜப்பான் இதை ஒரு படை நடவடிக்கை போல எதிர்கொண்டது. பல ஆண்டுகள் முன்னேற்பாடு செய்து, புதிய கப்ளர்களைத் தயாராக வைத்துக்கொண்டு, 1925 ஜூலை 17 அன்று ஹொன்ஷு தீவின் சரக்கு வண்டிகளை நிறுத்திவிட்டு ஒரே நாளில் மாற்றி முடித்தது. கியூஷு தீவில் மூன்று நாள் கழித்து. ஐரோப்பாவில் நாடுகள் பல, ரயில்வேக்கள் பல, வேகன்களின் உரிமையாளர்கள் பல. அங்கே 1970களில் போட்ட திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் ஜெர்மனியின் சரக்கு யார்டில் ஒரு தொழிலாளி பஃபருக்குக் கீழே குனிந்து திருகுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

இந்தியா இரண்டுக்கும் நடுவே ஒரு வழியில் போனது. மீட்டர் கேஜில் சிக்கல் எழவில்லை. எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய அந்த வண்டிகளில் நடுவில் ஒற்றை பஃபர், அதன்மேல் விழும் கொக்கி என்று வேறு அமைப்பு. அவை அகலப் பாதை வண்டியோடு ஒருநாளும் சேரப்போவதில்லை என்பதால் யாரோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. அகலப் பாதையில் புதிதாகச் செய்யும் எட்டுச் சக்கர சரக்கு வேகன்களுக்கு 1960களில் அமெரிக்க வகை நடுக் கப்ளரை மாட்டத் தொடங்கினார்கள். இழுப்பும் தள்ளலும் ஒரே நடு உறுப்பின் வழியாகப் போவதால் ஓர பஃபர் தேவையில்லை. ரயில்வேயில் இதற்கு சி.பி.சி. என்று பெயர். பழைய வேகனையும் புதிய வேகனையும் சேர்க்க இடைக்கால இணைப்புகள் வந்தன. என்ஜின்களில் சி.பி.சி.யும் இருக்கும், திருகுக் கப்ளிங்கைக் கோக்க இடமும் இருக்கும், ஓர பஃபர்களும் இருக்கும். மாற்றம் முடிய அரை நூற்றாண்டு ஆனது. ஆனால் ஒரு நாள்கூட வண்டி நிற்கவில்லை.

ஐம்பத்தெட்டு வேகன்

பாக்ஸ்-என் என்ற சரக்கு வேகன் சுமையோடு 81.28 டன். 58 வேகன் கொண்ட வண்டி 4,700 டன்னுக்கு மேல் வரும். சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது டன்னுக்கு இரண்டு கிலோ விசை தேவை என்று கொண்டால், இதை இழுக்க ஒன்பது டன் விசைக்குச் சற்று மேல் போதும். ஆனால் 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் மிதமான ஏற்றத்திலேயே இன்னும் 23 டன்னுக்கு மேல் கூடிவிடும். இத்தனையும் என்ஜினுக்கு அடுத்த முதல் கப்ளரின் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டாவது கப்ளர் ஒரு வேகன் குறைவாக இழுக்கிறது. மூன்றாவது இன்னும் குறைவாக. கடைசிக் கப்ளர் இழுப்பது ஒரே ஒரு வேகனை.

நின்றிருக்கும் 4,700 டன்னை ஒரே மூச்சில் நகர்த்துவது கடினம். இங்கேதான் சி.பி.சி.யின் தளர்வு உதவுகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் சில சென்டிமீட்டர் தளர்வு உண்டு. ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 58 இணைப்புக்கு 2.9 மீட்டர். அதாவது கடைசி வேகன் அசைவதற்குள் என்ஜின் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் போயிருக்கும். வேகன்கள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்குவதால், என்ஜின் எல்லா எடையையும் ஒரே நேரத்தில் புரட்ட வேண்டியதில்லை. சரக்கு வண்டி புறப்படும்போது முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும் 'டக டக டக' ஓசை அதுதான்.

அதே தளர்வு பகையாகவும் மாறும். முன்பகுதி ஓடிக்கொண்டிருக்க, பின்பகுதியில் பிரேக் பிடித்தபடி இருந்தால், தளர்வு முடியும் இடத்தில் பெரிய வெட்டு விழும். அதை விழுங்குவதற்காகக் கப்ளருக்குப் பின்னால் டிராஃப்ட் கியர் என்ற அதிர்வு தாங்கி இருக்கிறது. அதையும் மீறினால் உடைவது பெரும்பாலும் நக்கிள். அது திட்டமிட்ட பலவீனம். கப்ளரின் உடலோ வேகனின் சட்டமோ உடைந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். நக்கிளோ முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள தனி வார்ப்பு. வழியிலேயே மாற்றிவிட முடியும்.

வண்டி அறுந்தால்

2024 அக்டோபரில், திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போன விவேக் எக்ஸ்பிரஸ், காட்பாடிக்கு முன்னால் முகுந்தராயபுரம்–திருவலம் இடையே இரண்டு துண்டானது. சோளிங்கரிலிருந்து அதிக தூரமில்லை. செய்தியைப் படித்தவர்களுக்கு முதலில் எழுந்த அச்சம், கழன்ற பெட்டிகள் தறிகெட்டு ஓடியிருக்குமே என்பதாக இருந்திருக்கும். அப்படி ஆகாததற்குக் காரணம் காற்று.

வண்டி நெடுக ஓடும் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோ அழுத்தத்தில் காற்று நிரம்பியிருக்கிறது. அந்த அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். வண்டி அறுந்தால் ரப்பர் குழாயும் பிரியும், காற்று வெளியேறும், அழுத்தம் விழும். உடனே ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாகச் சேமித்திருக்கும் காற்று பிரேக்கைப் பிடித்துவிடும். முன் துண்டும் நிற்கும், பின் துண்டும் நிற்கும். அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870களில் வகுத்த தத்துவம் இது. பிரேக் போடக் காற்றை அனுப்புவதில்லை. பிரேக் போடாமலிருக்கக் காற்றை வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பாதுகாப்பு கண்ணால் பார்ப்பது. கடைசிப் பெட்டியின் பின்னால் எல்.வி. என்ற பலகையோ, இரவில் சிவப்பு விளக்கோ இருக்கும். வண்டி கடக்கும்போது நிலைய ஊழியர் அதைப் பார்க்க வேண்டும். பலகை கண்ணில் பட்டால் வண்டி முழுசாக வந்துவிட்டது என்று பொருள். படவில்லை என்றால், பாதையில் எங்கோ ஒரு துண்டு நிற்கிறது. பின்னால் வரும் வண்டியை விடக் கூடாது.

குலுக்கலும் காப்பும்

பயணிகள் வண்டிக்கு சி.பி.சி. வந்தது தாமதமாகத்தான். 2000 வாக்கில் ஜெர்மனியிலிருந்து எல்.எச்.பி. பெட்டிகள் வந்தபோது, இறுக்கிப் பிடிக்கும் வகைக் கப்ளரும் கூட வந்தது. சாதாரண சரக்குக் கப்ளரில் ஒரு தலை மற்றொன்றின் மேல் மேலும் கீழும் வழுக்க முடியும். இறுக்க வகை அதைத் தடுக்கிறது. மோதலின்போது ஒரு பெட்டி அடுத்த பெட்டியின் மேல் ஏறி அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுவதுதான் ஐ.சி.எஃப். காலத்து விபத்துகளில் அதிக உயிரைக் குடித்தது. பெட்டிகள் ஒரே மட்டத்தில் கோத்தபடி இருந்தால் அந்த ஏற்றம் குறையும்.

2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ் இந்தச் சோளிங்கர் பாதையைக் கடந்துதான் சென்னைக்கு வடக்கே கவரைப்பேட்டை சேர்ந்தது. அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதி, பத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தடம்புரண்டன. காயமடைந்தவர்கள் உண்டு, உயிரிழப்பு இல்லை. இதற்குக் கப்ளர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, எல்.எச்.பி. பெட்டியின் எஃகு உடலமைப்புக்கும் பங்குண்டு.

இந்தக் காப்புக்குப் பயணிகள் ஒரு விலை கொடுத்தார்கள். திருகுக் கப்ளிங்கில் பஃபர்கள் எப்போதும் அமுங்கியே இருப்பதால் வண்டி நைசாகப் புறப்படும். எல்.எச்.பி. வண்டி புறப்படும்போதும் நிற்கும்போதும் வெட்டி இழுத்தது. மேல் பர்த்தில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொண்டார்கள். இரு திசையிலும் ஒரே சமன்நிலையில் அழுத்தி வைத்திருக்கும் புதிய டிராஃப்ட் கியர் வந்தபின் அது குறைந்திருக்கிறது. 2018 ஜனவரி 19 அன்று பெரம்பூரிலிருந்து கடைசி ஐ.சி.எஃப். வடிவப் பெட்டி வெளியேறியது. திருகுக் கப்ளிங்கின் காலம் இந்தியாவில் அன்றே முடிவை நோக்கித் திரும்பிவிட்டது.

மீதமிருக்கும் வேலை

1903இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்து கார்ல் ஷார்ஃபென்பெர்க் பதிவுசெய்த கப்ளர் ஒரு படி மேலே போனது. அந்த வகையின் வளர்ந்த வடிவங்களில் இரும்பு கோத்துக்கொள்ளும் அதே நொடியில் காற்றுக் குழாயும் மின் இணைப்பும் சேர்ந்துவிடும். நம் மின்தொடர் வண்டிகளில் ஷாகு என்று வழங்கும் கப்ளர் அந்தக் குடும்பம்தான். வந்தே பாரத்தில் பெட்டிகளை அன்றாடம் கழற்றுவதே இல்லை. பட்டறையில் மட்டுமே பிரிக்கும் இணைப்புகள். முன்மூக்கின் மூடிக்குள் தானியங்கிக் கப்ளர் ஒன்று அவசரத்துக்கு மறைந்திருக்கிறது. ஐரோப்பாவும் இப்போது சரக்கு வண்டிக்காக ஷார்ஃபென்பெர்க் வகையைத் தேர்ந்துகொண்டு மறுபடி முயல்கிறது.

நம் எல்.எச்.பி. எக்ஸ்பிரஸிலும் சரக்கு வண்டியிலும் இன்று இரும்பு தானாகக் கோத்துக்கொள்கிறது; காற்றுக் குழாயை இன்னும் கையால்தான் மாட்ட வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே போகத்தான் வேண்டும். 2024 நவம்பரில் பீகாரின் பரௌனி நிலையத்தில், என்ஜினைக் கழற்றப் போன ஊழியர் ஒருவர் என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே நசுங்கி இறந்தார். ஜேனி காப்புரிமை பெற்று நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தபின் நடந்த மரணம் அது.

இதற்கு இனிப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. நூற்றாண்டுக்கு முந்தைய நுட்பம் கையில் இருக்கிறது. எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஒத்துப்போவதற்கான முடிவும் பணமும்தான் வேண்டும். விரைவு, சொகுசு, அகன்ற ஜன்னல் ஆகியவற்றுக்குச் செலவிடும் நாடு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனியும் ஊழியருக்காகவும் செலவிட வேண்டும்.